பன்னிரண்டு அடி, காதல் உள்ளது

லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவள் நான்.
தோல் கையில் இருக்கிறது:
களியக்காவிளைச் செக்போஸ்டில்
மூன்று நாள் மழை வாங்கிய வாழைக்குலை லாரியின் பாய்.
கிழிந்த பாதியை வெட்டிப் போட்டால்
பதினாலு அடி தேறும்.
எலும்புதான் வேண்டும்.
அதற்கு அலைகிறேன்.

எதுக்கு வள்ளம் என்று கேட்டவர்களுக்கு
ஆளுக்கொரு பதில் சொல்லிப் பார்த்தேன்.
மீன் பிடிக்க. புல் அறுக்க. பூவாறு வரை போய்வர.
எதையும் நான் நம்பவில்லை.
இப்போது சும்மா சிரிக்கிறேன்.

தேக்கைத் தொட்டுவிட்டு வந்தேன்,
நகைக்கடையில் விலை கேளாமல் படியிறங்குகிற மாதிரி.
ரப்பர் மலிவு.
வாரம் திரும்புமுன் நீலம் பூத்து
பூச்சி பொடி தள்ளும்.
ஆட்டோக்காரர் சில்வஸ்டரின் கட்டில் அப்படித்தான்,
விடிந்தால் கீழே
யாரோ மாவு சலித்ததுபோல் தரை.
மூங்கில் ஆணியைக் கண்டால் பிளக்கும்.
போதாததற்குக் கணு.
பாய் முதலில் கிழிவது எங்கே என்று
தைக்கிறவளைக் கேளுங்கள்:
உள்ளிருந்து ஒரு முனை
நாளெல்லாம் உரசுகிற இடத்தில்.

எல்லை தாண்டி உச்சக்கடைப் பக்கம்
வாசவனின் மில்லில்
அயினி அறுத்துக்கொண்டிருந்தார்கள்.
தரையெல்லாம் மஞ்சள், வாளின் பல்லெல்லாம் மஞ்சள்.
ஒரு பலகையின் முகத்தில் கட்டைவிரலை ஓட்டி
"காதல் உண்டான்னு நோக்கணும் சேச்சி,
காதல் இல்லாத தடி வெள்ளத்துல நிக்காது" என்றான்.

நடுமரத்தை அங்கே அப்படிச் சொல்வார்கள்.
நாம் வைரம் என்கிறோம்.
எனக்குத் தெரியும்.
நாலு ஸ்டாப்பு தள்ளியிருக்கிற பேச்சு
தெரியாமல் இருக்குமா?
ஆனாலும் நாற்பத்து மூன்று வயதில்,
தடி இறக்க வந்த இரண்டு பேர்
பீடியோடு நின்று கேட்டுக்கொண்டிருக்க...
முகத்தில் தூள் பட்டதுபோல் துடைத்துக்கொண்டேன்.
"எவ்வளவு இருக்கு?"
"அடியில முக்கால் பங்கு. நுனிக்குப் போகப்போகக் குறையும்."

ஒரு கண்ணை மூடி நீளம் பார்த்தேன்,
ஊசிக்கண்ணில் நூல் பார்ப்பதுபோல்.
நார் நேராக ஓடியது.
பில்லில் எழுதினான்:
பன்னிரண்டு அடி, காதல் உள்ளது, ஆறு.

ஆட்டோவுக்கு வெளியே நீட்டிய முனையில்
சிவப்பு ஜாக்கெட் துணி கட்டினோம்.
செக்போஸ்டில் போலீஸ்காரர் தட்டிப் பார்த்தார்.
"பெட்டிக்கா?"
"ஆமா."
"ஆளு நல்ல நீளம் போல."
"மூடி வேண்டாம்னுட்டாங்க" என்றேன்.
சில்வஸ்டர் கிளட்சை விடாமல் சிரித்தார்.

நீளக் கழிகள் ஐந்தும் சொன்னபடி கேட்டன.
ஆறாவதைக் கிழித்து வளைவுகள்.
புட்டுக்குடத்தின் வாயில்
தண்ணிக்குழாய் ஒன்றைப் பொருத்திச் சாக்கு சுற்றி
ஐந்தடிக்கு ஒரு புட்டு அவித்தேன்,
தேங்காய் இல்லாமல், மரம் மட்டும்.
முதல் வளைவு
முழங்காலில் வைத்து அழுத்தியதும் ஒடிந்தது.
இரண்டாவது கொஞ்சம் யோசித்து ஒடிந்தது.
மூன்றாவதின் சத்தத்துக்கு
அடுத்த வீட்டு நாய் எழுந்தது.

ஃபோனில் வாசவன்:
"வளையறதுக்குக் காதல் எடுப்பாளா யாராவது?
அது நேரே கிடக்கும், இல்லேன்னா ஒடியும்.
வளைவுக்கு வெள்ளை வேணும், சேச்சி.
ஓரத்துல இருக்குமே."

ஓரத்தில் இருந்ததை
நான்தான் சீவித் தள்ளியிருந்தேன்.
சீவியதை அடுப்பில் வைத்து
அந்தச் சூட்டில்தான்
இவ்வளவு நேரமும் காதலை அவித்திருக்கிறேன்.

தண்ணீர் தெளித்து அணைத்தேன்.
கருகாமல் மிஞ்சியதில் ஒன்பது வளைவு வந்தது,
கரண்டிக்காம்பு போல இளகி,
அழுத்தின இடத்தில் நின்று.
வேண்டியது பதினொன்று.

மறுநாள் முதல் பஸ்.
மில்லில் அதே இரண்டு பேர், அதே பீடி.
வாளின் இரைச்சலுக்கு மேல் கேட்கும்படி
சத்தமாகவே சொன்னேன்:
"வாசவா, காதல் இல்லாதது ரெண்டு வேணும்."

காசு வேண்டாம் என்றான்.
பின்னால் மழையில் குவித்திருக்கிறதாம்,
பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னான்.